வாசகர் கேள்வி: மலிவு நேரத்தில் கார் வீட்டில் இல்லையே?

கேள்வி: பழைய எலெக்ட்ரிக் கார் ஒன்று வாங்கியிருக்கிறோம். என் கணவருக்கு வாரத்தில் 4 நாள் மருத்துவமனையில் இரவு வேலை. காருக்கென்றே இருக்கும் ஒரு மின்சாரத் திட்டத்தில் நள்ளிரவு 12.30 முதல் 5.30 வரை யூனிட் 8 பென்ஸ், மற்ற நேரமெல்லாம் 29 பென்ஸ். இப்போது எந்நேரமும் 26 பென்ஸ் கொடுக்கிறோம். மலிவு நேரத்தில் கார் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். வீட்டிலோ மாமியாரும் பிள்ளைகளும் பகல் முழுக்க இருக்கிறார்கள். மாறாமல் இருப்பதே நல்லதா?
– ஹாரோ (லண்டன்) வாசகி

பதில்: எனக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "எந்தக் கம்பெனி மலிவு?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நீங்கள் கார் எங்கே, எப்போது நிற்கிறது என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். பாதிக் கணக்கு அங்கேயே முடிந்தது.

மீதியைப் போடுவோம். வேலை, கடை, பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி எல்லாம் சேர்த்து வாரம் 160 மைல் என்று வையுங்கள். யூனிட்டுக்கு மூன்றரை மைல் ஓடினால் 46 யூனிட் வேண்டும். குளிர்காலத்தில் ஹீட்டரும் சேர்ந்து 53 வரை போகும். சுவரில் பொருத்தும் 7 கிலோவாட் சார்ஜர் அந்த 5 மணி நேரத்தில் 35 யூனிட் ஏற்றிவிடும். ஆக, அவர் வீட்டில் தூங்கும் 3 இரவுகளில் இரண்டே போதும். மற்ற 4 இரவும் கார் எங்கே நின்றால் என்ன? கைபேசியைப் போல் காரையும் தினமும் சொருகியாக வேண்டும் என்ற எண்ணம்தான் பலரைக் குழப்புகிறது.

ஆனால் சார்ஜர் எதற்கு, கெட்டில் சொருகும் மூன்று முள் பிளக்கே போதும் என்று இருந்துவிட்டால் கணக்கு கவிழும். அதில் மணிக்கு 2.3 யூனிட்தான் ஏறும். 3 இரவுக்கு மொத்தம் 35கூடத் தேறாது. மீதியைப் பகலில் 29 பென்ஸுக்கு ஏற்ற வேண்டி வரும். போதாக்குறைக்கு, ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்து விடுகிறவர்களும் உண்டு. மழையில் நனையும் அந்த ஒயரைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தயவுசெய்து வேண்டாம்.

இனி வருடக் கணக்கு. காருக்குச் சுமார் 2,400 யூனிட். அதில் யூனிட்டுக்கு 18 பென்ஸ் மிச்சம் என்றால் 430 பவுண்டு. வீட்டுச் செலவு 3,500 யூனிட் என்றால், 3 பென்ஸ் கூடுவதால் 105 பவுண்டு கைவிட்டுப் போகும். நிகர லாபம் 320 பவுண்டுக்கு மேல். சார்ஜரும் பொருத்தும் கூலியும் 1,000 பவுண்டை ஒட்டி வரும். மூன்று வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். உங்கள் வீட்டின் வருடப் பயன்பாடு பில்லிலேயே அச்சாகியிருக்கும்; 3,500க்குப் பதில் அதைப் போட்டுப் பாருங்கள். இரண்டு திட்டத்துக்கும் தினசரி நிலைக்கட்டணம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். இதே விலையில், வருடத்துக்கு 2,000 மைல்கூட ஓட்டாதவர் மாறினால் அவருக்கு நஷ்டம்தான். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. மாறுங்கள்.

மாமியாரிடம் நள்ளிரவில் எழுந்து கிரைண்டரைப் போடச் சொல்லிவிடாதீர்கள். ஒரு தடவை மாவு அரைக்கக் கால் யூனிட் ஆகுமா? பகலில் அரைத்தால் கூடுதல் செலவு ஐந்து பென்ஸ் சொச்சம்தான். குடும்ப அமைதிக்கு அது கொள்ளை மலிவு. துணி உலர்த்தும் இயந்திரம்தான் யூனிட்டைத் தின்னும். ஆனால் எல்லோரும் தூங்கும்போது அதை ஓட விடாதீர்கள் என்று லண்டன் தீயணைப்புத் துறையே சொல்கிறது. நானும் அந்தக் கட்சிதான்.

மாறும் முன் ஒன்று. அளவைத் தானே கம்பெனிக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் மட்டும் போதாது. அரை மணிக்கு ஒரு முறை அளவைப் பதிந்து அனுப்ப நீங்கள் சம்மதித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த யூனிட் எந்த நேரத்தில் செலவானது என்று கம்பெனிக்குத் தெரியாது. புதுச் சார்ஜர் 12.30க்குத் தொடங்காமல் சில நிமிடம் சும்மா நின்றால் பதறி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டாம். ஊரெல்லாம் ஒரே நொடியில் சார்ஜ் போட்டால் மின்கட்டமைப்பு தாங்காது என்று 10 நிமிடம் வரை தாமதம் வைக்கச் சட்டமே இருக்கிறது. 2022 ஜூன் 30 முதல் நடப்பில் உள்ளது.

எப்போது ஏற்றுவது என்பதைக் கம்பெனியே தீர்மானிக்கும் திட்டங்களும் உண்டு. சில நாள் பகலிலும் மலிவு விலைக்கு ஏற்றித் தருவார்கள். பகலில் வாசலில் நிற்கும் உங்கள் காருக்கு அது யோகம்தான். கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்; அதை நம்பி வாரத்தைத் திட்டமிடாதீர்கள். பழைய கார் என்கிறீர்கள்: காரோ சார்ஜரோ அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் எக்கனமி 7 மீட்டர் இருக்கிறது. காருக்கு அதுவே போதாதா?
– ஈஸ்ட் ஹாம் வாசகர்

பதில்: 1978ல் வந்த திட்டம் அது. இரவில் 7 மணி நேரம் மலிவு விலை கிடைப்பது உண்மையிலேயே பெரிய வசதி. மூன்று முள் பிளக்கிலேயே 16 யூனிட் ஏறும். ஆனால் இரவு விலை பெரும்பாலும் கார் திட்டங்களைவிடக் கூடுதல். இரவில் சூடேறும் பழைய ஹீட்டர்கள் இருந்தால் இந்தத் திட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விடுங்கள். பழைய மீட்டருக்குக் கோடை நேரம் தெரியாது என்பதையும் மறக்காதீர்கள். ஏப்ரலில் உங்கள் மலிவு நேரம் ஒரு மணி தள்ளித்தான் தொடங்கும்.

கேள்வி: மாடி வீடு, வாடகைக்கு இருக்கிறோம், நிறுத்த இடமில்லை. எந்தத் திட்டம் எடுக்கலாம்?
– இல்ஃபோர்ட் வாசகர்

பதில்: வீட்டுத் திட்டம் எதுவும் உங்களுக்கு உதவாது. வீட்டு மின்சாரத்துக்கு மதிப்புக்கூட்டு வரி (VAT) 5 சதவீதம், தெருச் சார்ஜருக்கு 20 சதவீதம், அநியாயம்தான். விளக்குக் கம்பத்துச் சார்ஜர்களில் சிலவற்றில் இரவு விலை குறைவு. உங்கள் தெருவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காருக்கு முன்பணம் கட்டுங்கள்.