எஸ்.ஜி.பி.டி. சரியாக இருந்தும் தாடை ஏன் வீங்குகிறது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நெல்லும் தென்னையும் வைத்திருக்கிறேன். கலப்பினப் பசு, நான்காம் ஈத்து. பால் குறைந்து, தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்குகிறது. ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதி சரியாக இருப்பதால் ஈரலில் கோளாறில்லை என்றார்கள். மருந்துக்கடையில் லிவர் டானிக் கொடுத்தார்கள். ஈரல் தழும்பேறினால் ரத்தத்திலேயே தெரியும் என்று படித்தேன். எந்த டெஸ்ட் எடுக்கலாம் சார்?

பதில்: எஸ்.ஜி.பி.டி. மனிதருக்கும் நாய்க்கும் சரி. மாட்டின் ஈரலில் அந்த நொதி குறைவு, அதை நம்பாதீர்கள். என் சந்தேகம் ஈரல் புழு மேல். ஜி.எல்.டி.எச்., ஜி.ஜி.டி. என்ற இரண்டு ஈரல் நொதிகள், அல்புமின் என்ற ரத்தப் புரதம், மூன்றும் பாருங்கள். புழு ஈரல் சதையைத் துளைக்கும்போது ஜி.எல்.டி.எச். ஏறும். பித்தக்குழாயில் குடியேறியதும் ஜி.ஜி.டி. ஏறும். அல்புமின் இறங்கினால் தாடையில் நீர் கோக்கும். ஆனால் தழும்பு எவ்வளவு என்று இவை சொல்லாது. நீங்கள் படித்தது, ஈரல் தழும்பேறினால் ரத்தத்தில் ஏறும் ஹயலுரானிக் அமிலம் பற்றி இருக்கலாம். கார்பன் டெட்ராகுளோரைடு என்ற ரசாயனத்தைக் கொடுத்து ஈரலைக் கெடுத்த எலிகளில் அதை அளப்பார்கள். அங்கும் ஈரல் துண்டை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். 1920களில் அதே ரசாயனத்தை ஆட்டின் ஈரல் புழுவுக்கு மருந்தாகக் கொடுத்தார்கள்!

பசு எங்கே மேய்கிறது என்று நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. எனக்கு அதுதான் வேண்டும். வயல் நத்தையிலிருந்து வெளிவரும் புழுக்குஞ்சு, நீர்மட்டத்தை ஒட்டிய தண்டில் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும். ஈர வயலில் மாட்டை இறக்காதீர்கள். வாய்க்கால் புல்லைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே அறுங்கள். வைக்கோலின் அடித்தண்டை ஒதுக்கி, மீதியை நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். பச்சைச் சாணம் வயலுக்குப் போகவே கூடாது, குழியில் மக்கட்டும். நாலு வாத்து விட்டால் நத்தையைப் பொறுக்கித் தின்னும்.

டானிக்கை இன்றே நிறுத்துங்கள். சாணத்தைப் பார்க்காமல் டானிக் நீட்டுகிறவர் சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறார், அவ்வளவுதான். அறுத்த மாட்டின் ஈரலைப் பார்த்திருக்கிறேன்: பித்தக்குழாய் சுண்ணாம்பேறி, கத்தி பட்டால் மணலை அறுப்பதுபோல நறநறக்கும். அதை எந்த டானிக் இளக்கும்?

நாளைக் காலைச் சாணத்தை டப்பாவில் எடுத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போங்கள். படியவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரல் புழு முட்டை கனமானது, மிதக்கவிட்டுப் பார்த்தால் தப்பிவிடும். பொன்மஞ்சள் முட்டை என்றால் ஈரல் புழு. நிறமற்ற முட்டை என்றால் இரைப்பைத் தட்டைப்புழு, அதுவும் தாடையை வீங்கவைக்கும். மருந்தை மருத்துவர் எழுதட்டும். ஆக்சிகுளோசனைடு என்ற புழு மருந்து முதிர்ந்த புழுவைத்தான் கொல்லும், இளம்புழு தப்பிக்கும். எனவே மறுபடி எப்போது கொடுப்பது, எத்தனை நாள் பால் ஊற்றக்கூடாது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அப்புறம், தொழுவத்தில் வேறு மாடு இருந்தால் அவற்றின் சாணமும் தனித்தனி டப்பாவில் போகட்டும்.