வெள்ளைப் பட்டை – கடிதம்

வணக்கம் சார்,

நியூஜெர்சியில் எங்கள் வீட்டு முன் புல்வெளியில் ஒரு வெள்ளை பிர்ச் மரம் நிற்கிறது. இது அமெரிக்காவின் சொந்த மரமா, ஐரோப்பாவிலிருந்து வந்ததா? எப்படிக் கண்டுபிடிப்பது? கோடைதோறும் உச்சிக்கிளைகள் காய்கின்றன. என்ன உரம் போடலாம்? பட்டை அழகாக உரிகிறது. அதில் என் மகள் வரைந்த மயிலை இணைத்திருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

மயில் அபாரம். குழந்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். ஆனால் பட்டையின் ஓரம் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்கிறதே! தானாக உரிந்தது அப்படி இருக்காது. கத்தி வைத்தது நீங்கள்தானே?

கிளை நுனிகள் தொங்கி, அடிமரம் கறுத்து வெடித்திருந்தால் ஐரோப்பிய மரம். தாள் தாளாக உரிந்தால் பெரும்பாலும் பேப்பர் பிர்ச், அந்த மண்ணுக்கே உரியது. முக்கோண இலையும் உரியாத பட்டையும் என்றால் சாம்பல் பிர்ச். இதற்குமேல் உங்கள் ஊர் நர்சரியில் கேளுங்கள்.

மினசோட்டாவின் வடக்கே, சுப்பீரியர் ஏரிக்கரைப் பாதையில் நடந்திருக்கிறேன். வழியோர பிர்ச்களில் கை எட்டும் உயரம்வரை கறுப்புக் காயங்கள், அதற்குமேல் பால்வெள்ளை. எல்லாம் ஞாபகார்த்தமாகக் கொஞ்சம் பிய்த்துப்போன நல்லவர்கள் வேலை. உரித்த இடத்தில் அந்த வெள்ளை திரும்பி வராது சார். உள்பட்டையையும் சுற்றிலும் வெட்டிவிட்டால் இலை சமைத்த உணவு வேருக்கு இறங்காது, மரமே போய்விடும். அந்த ஏரிப்பகுதியின் பழங்குடிகளான ஒஜிப்வே மக்கள் இந்தப் பட்டையில் படகே கட்டினார்கள். கோடைத் தொடக்கத்தில், பட்டை தானாக நெகிழும்போது, மேல்பட்டையை மட்டும் எடுப்பார்கள். தெரிந்தவன் கை அது. உங்களுக்கும் எனக்கும் அது கிடையாது.

விழுந்துகிடந்த ஒரு மரத்தில் கால் வைத்தேன். பட்டை முழுசாக இருக்க, உள்ளே ஈரத்தூளில் கணுக்கால்வரை இறங்கிவிட்டது. பெட்டுலின் என்ற பொருள் பட்டையை லேசில் மக்கவிடாது. மயில் வரைய அந்தப் பட்டை போதாதா?

உரம் வேண்டாம். பிர்ச்சின் வேர் மேலாக ஓடுவது, அதற்குக் குளிர்ந்த மண் வேண்டும். நீங்களோ வெயிலில் புல் வளர்க்கிறீர்கள்! புல்லை எடுத்துவிட்டு மரச்சீவல் பரப்பி, ஆழமாக நீர் விடுங்கள். அடிமரத்தில் ஆங்கில D எழுத்துபோலச் சின்னத் துளைகள் இருக்கிறதா பாருங்கள். அது பிர்ச் துளைப்பான் வண்டு. வாடிய மரத்தைத்தான் தேடி வரும். பாதிக்குமேல் காய்ந்திருந்தால் வெட்டிவிட்டு ரிவர் பிர்ச் வையுங்கள். வெயில் தாங்கும், இந்த வண்டுக்கும் எளிதில் மசியாது. பட்டை வெள்ளை இல்லை, இளஞ்சிவப்பும் பழுப்பும். சுருள் சுருளாகத் தானே தொங்கும். கத்தியை உள்ளே வைத்துவிடுங்கள்.