துத்தி: இலையும் நாரும்

துத்திதானா என்று எப்படி உறுதி செய்வது?

காயைப் பாருங்கள். இதய வடிவில், தொட்டால் மெத்தென்று இருக்கும் இலை வேறு சில செடிகளுக்கும் உண்டு. துத்திக் காயில் 15, 20 பிரிவுகள் பல்சக்கரம் போல வட்டமாக அடுக்கி நிற்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் சின்ன மூக்கு. முற்றினால் கறுத்துவிடும். மஞ்சள் பூ சாயங்காலம்தான் விரியும். காலையில் போய்த் தேடிவிட்டு, பூவே இல்லை என்று திரும்பாதீர்கள்.

மூலத்துக்குத் துத்தி இலை சாப்பிடுகிறேன். இரத்தம் நிற்கவில்லை. அளவைக் கூட்டலாமா?

கூட்ட வேண்டாம், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். மலத்தோடு இரத்தம் போவதெல்லாம் மூலம் அல்ல. ஆசனவாய் வெடிப்பு, குடல் புண், சிலருக்குப் பெருங்குடல் புற்றுநோய்கூட இப்படித் தலைகாட்டும். வலி இல்லையே என்று ஆறுதல் அடையவும் முடியாது. சித்த மருத்துவத்தில் துத்தி மூலத்துக்குப் பேர்போனதுதான், மறுக்கவில்லை. வெண்டையும் துத்தியும் ஒரே குடும்பம். இலையிலும் அந்த வழவழப்பு உண்டு. இலையை விளக்கெண்ணெயில் வதக்கி இளஞ்சூட்டில் வெளியே வைத்துக் கட்டும் வழக்கமும் இருக்கிறது. ஆனால் இரத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகே இதெல்லாம்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர் சாப்பிடலாமா?

எப்போதாவது கீரையாகச் சமைத்துச் சாப்பிட்டால் பயமில்லை. தினமும் சாறு, பொடி என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். எலிகளில் செய்த ஆய்வுகளில் இலைச்சாரம் சர்க்கரையைக் குறைத்திருக்கிறது; மாத்திரையோடு சேர்ந்தால் அளவுக்கு மீறி இறங்கிவிடலாம்.

தண்டில் நார் எடுக்க முயன்றேன், துண்டு துண்டாக வருகிறது.

விதை முற்றிய செடியை வெட்டியிருப்பீர்கள். பூக்கும் பருவத்தில் வெட்டுங்கள். அப்புறம் தண்டு கட்டையாகி நார் முரடாகிவிடும். இலையை உதிர்த்து, கட்டாகக் கட்டி, நீரில் முழுக்க அமிழ்த்துங்கள். பட்டைக்குள் நாரை ஒட்டிவைத்திருக்கும் பசையை நுண்ணுயிர்கள் கரைக்க வேண்டும். சணலுக்கு இது இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். நாள் எண்ணாமல் அவ்வப்போது ஒரு தண்டை ஒடித்துப் பாருங்கள். பட்டை வழுக்கிக்கொண்டு உரிந்தால் சரி, உடனே எடுத்து அலசி உலர்த்துங்கள். விட்டுவைத்தால் நாரும் சேர்ந்து அழுகும். நாற்றம் அடிக்கும், அதற்கு வழியில்லை.

இதன் நெருங்கிய உறவான ஒரு துத்தியைச் சீனாவில் நாருக்காகவே பயிரிட்டார்கள். நாருக்கென்று அமெரிக்கா போன அதே செடி இன்று அங்கே மக்காச்சோளம், சோயா வயல்களில் பெரிய களை.

விதை முளைக்கவே இல்லை.

தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே போவதில்லை. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஒரு இரவு ஊறவைத்து ஊன்றுங்கள். ஊறிப் பருக்காத விதையை மறுபடி தேய்க்கலாம்.