மோஷன் கன்ட்ரோல் யாருக்கு ஏற்றது?

தீவிரமாக ஆடும் கேமர்களுக்கு மோஷன் கன்ட்ரோல், அதாவது பட்டனை அழுத்துவதற்குப் பதிலாக அசைவாலேயே ஆடும் முறை, பயன்படுமா, அல்லது அது பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கு மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். சேலம் ஐந்து ரோடு அருகே சில ஆண்டுகள் கேம் சென்டர் நடத்தியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கையை வீசி ஆடும் பெரிய அசைவு பொதுவாகப் பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கும், மணிக்கட்டைச் சற்றே சாய்க்கும் சிறிய அசைவு தீவிர ஆட்டக்காரர்களுக்கும் பொருந்துகிறது.

2006 இறுதியில் வெளிவந்த, ரிமோட்டைக் கையில் பிடித்து அசைத்து ஆடும் நின்டெண்டோ வீ கேம் கன்சோல் உலகெங்கும் 10 கோடிக்கும் மேல் விற்றதற்குக் காரணம், எந்தப் பட்டன் எதற்கு என்று தெரியாதவரும் அதை எடுத்தவுடன் ஆட முடிந்ததுதான். பேரனை அழைத்துப்போக எங்கள் கடைக்கு வந்த பாட்டி ஒருவர், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பவுலிங்கில் அவனையே தோற்கடித்தார். ஆனால் வாடிக்கையாக வரும் கல்லூரி மாணவர்களோ, நாற்காலியில் சாய்ந்தபடி மணிக்கட்டை மட்டும் சுண்டியே டென்னிஸில் வென்றுவிடுவார்கள். அந்த ரிமோட்டில் முதலில் இருந்த முடுக்கமானி கை எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதை உணருமே தவிர, அது எந்தக் கோணத்தில் திரும்பியது என்பதைத் துல்லியமாக அறியாது. திறமைக்கும் பலனுக்கும் தொடர்பில்லாத ஆட்டத்தில் தீவிர ஆட்டக்காரர் எவ்வளவு நாள் நிற்பார்? 2009ல் மோஷன்பிளஸ் என்ற துணைக்கருவி மூலம், திரும்புவதை உணரும் கைரோஸ்கோப்பைச் சேர்த்துக் குறையைச் சரிசெய்தார்கள். அதற்குள் 'குழந்தைகள் சாமான்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கன்ட்ரோலரே வேண்டாம், உடம்பே போதும் என்று 2010 நவம்பரில் வந்த, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கான கினெக்ட் கேமரா, முதல் 60 நாட்களில் 80 லட்சம் விற்றது. ஒருவர் ஆட ஏறத்தாழ 6 அடி, இருவர் ஆட 8 அடி இடைவெளி அதற்கு வேண்டும்; சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, குகை ஆகிய பகுதிகளின் வீடுகள் பலவற்றில் கட்டிலை வெளியே தூக்கிப் போட்டால்தான் அந்த இடம் கிடைக்கும். இடத்தைக்கூடச் சமாளித்துவிடலாம். கை அசைந்ததைக் கேமரா பார்த்து, கணினி புரிந்துகொண்டு, திரையில் காட்டுவதற்குள் ஆகும் தாமதத்தைச் சண்டை விளையாட்டு ஆடுபவரால் பொறுக்கவே முடியாது. 2013ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற புதிய கன்சோலின் பெட்டிக்குள் கட்டாயமாகக் கினெக்டையும் வைத்து 499 டாலருக்கு விற்ற மைக்ரோசாஃப்ட், மறு ஆண்டே அதை நீக்கி 399 டாலருக்கு இறங்கி வந்தது. 2017ல் கினெக்ட் உற்பத்தியே நின்றது.

தீவிர ஆட்டக்காரர்களிடம் மோஷன் கன்ட்ரோல் வந்து சேர்ந்தது வேறு வழியில். 2015ல் வந்த ஸ்ப்ளட்டூன் என்ற சுடும் விளையாட்டில், கன்ட்ரோலரின் ஸ்டிக்கால் பெரிதாகத் திரும்பிவிட்டு, கன்ட்ரோலரை இலேசாகச் சாய்த்துக் குறியைச் சரிசெய்யலாம். நன்றாக ஆடுபவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் ஆடுகிறார்கள். நம் ஊர்ப் பையன்கள் பிஜிஎம்ஐ என்ற போன் துப்பாக்கி விளையாட்டில் கைரோவை (போனில் உள்ள கைரோஸ்கோப் சென்சாரை) ஆன் செய்து ஆடுவதும் இதே முறைதான். துப்பாக்கி மேல்நோக்கி உதைக்கும்போது கட்டைவிரலால் திரையை இழுத்துக்கொண்டிருக்காமல், போனை நூலளவு சாய்த்தே அந்த உதைப்பை (ரிகாயிலை) அடக்கிவிடுகிறார்கள். விரல் வேறு வேலைக்குக் கிடைக்கிறது. அந்தச் சென்சார் எவ்வளவு நுட்பமானது என்று அறிய வேண்டுமானால், 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏற்காடு மலைப்பாதையில் பேருந்தில் அமர்ந்து ஆடிப் பாருங்கள். வண்டி வளையும் ஒவ்வொரு முறையும், உங்கள் கை திரும்பியதாக எண்ணிக்கொண்டு குறி ஒரு பக்கமாக நழுவும்.

நான் சொன்ன கணக்குக்கு அடங்காததும் உண்டு. விஆர் (மெய்நிகர்) தலைக்கவசம் அணிந்து, இசைக்கேற்ப வரும் கட்டைகளை வெட்டி ஆடும் பீட் சேபரில் முழுக் கையையும் வீச வேண்டும். இருந்தும் அதன் கடினமான நிலைகளை மாதக்கணக்கில் பயிற்சி செய்பவர்கள்தான் கடக்கிறார்கள். கை இருக்கும் இடத்தையும் கோணத்தையும் அக்கருவி தாமதமின்றிப் பின்தொடர்வதால், அங்கே வீச்சுக்கு ஏற்ற பலன் உண்டு.

வீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து ஆடத்தான் கேட்கிறீர்கள் என்றால், ஜாய்கான் என்ற சிறிய கன்ட்ரோலர்கள் உள்ள நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல் போதும். போட்டிக்காக என்றால் புதிதாக எதையும் வாங்க வேண்டாம்; கையில் உள்ள போனில் ஸ்கோப் (துப்பாக்கியின் தொலைநோக்கி) திறக்கும்போது மட்டும் கைரோ இயங்குமாறு வைத்து, சென்சிட்டிவிட்டியைக் குறைத்துத் தொடங்குங்கள். முதல் சில நாட்கள் குறி தாறுமாறாகப் போகும், அதற்காக அணைத்துவிடாதீர்கள்.