மேடைப் பேச்சு எப்படி ஓட்டாகிறது?

சொல்லும் விதத்தாலேயே கேட்பவரை இசைய வைப்பதுதான் சொல்வன்மை. 1967 தேர்தலில் அண்ணா அரிசிக்குச் சொன்னதைப் பாருங்கள்: ரூபாய்க்கு 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்'.

'லட்சியம்', 'நிச்சயம்' என ஒரே ஓசையில் முடிவதால் ஒருமுறை கேட்டாலே மனப்பாடம். பழமொழி நிலைப்பதும் இப்படித்தான். ஆனால் நுட்பம் வேறிடத்தில். வாக்குறுதி ஒரு படிதான். ஆசை மூன்று படிக்கு. "சைக்கிள் வாங்கித் தர ஆசை, பந்து கட்டாயம்" என்று மாமா சொன்னால், பிள்ளையின் கனவில் ஓடுவது சைக்கிள்தானே! (அன்று அரிசித் தட்டுப்பாடு வேறு. பசித்த காதில் சொல் சட்டென ஏறும்.)

அடுக்குமொழி என்றாலே பொய் என்பார்கள். அப்படியல்ல, ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டார்கள்.