தமிழ் அணிகளை வைத்து ஆங்கிலக் கவிதையைப் படிக்கலாமா?

கேள்வி: ஆங்கில இலக்கியம் முதலாமாண்டு படிக்கிறேன். சிமிலி, மெட்டஃபர், பெர்சனிஃபிகேஷன், அலிட்டரேஷன், ரைம் எல்லாவற்றுக்கும் வரையறை மனப்பாடம். ஒரு கவிதையைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொன்னால் தடுமாறுகிறேன். தமிழ் அணிகளோடு பொருத்தி நினைவில் வைக்கலாமா?

பதில்: சிமிலியை உவமையோடும் மெட்டஃபரை உருவகத்தோடும் தாராளமாகப் பொருத்தலாம். மற்ற மூன்றில் கவனம் வேண்டும்.

சிமிலிக்கு 'லைக்', 'ஆஸ்' என்ற சொற்கள் அடையாளம்தான். ஆனால் அவற்றைப் பார்த்த உடனே அடிக்கோடு போட்டுவிடாதீர்கள். 'ஷி சிங்ஸ் லைக் ஹர் மதர்' என்பது வெறும் ஒப்பீடு. பாடுகிற இருவரும் மனிதர்கள். 'ஷி சிங்ஸ் லைக் எ பர்ட்' என்னும்போது இரண்டு வேறு இனங்கள் சேருகின்றன. அதுதான் சிமிலி.

மெட்டஃபரைத் தவறவிடுவது பெரும்பாலும் வினைச்சொல்லில்தான். 'இது அதுதான்' என்று நேரடியாகச் சொல்லும் வடிவத்தையே தேடுவதால் 'தி நியூஸ் கட் ஹிம்' போன்ற வரி கண்ணில் படாது. செய்தி வெட்டுமா? கத்தி என்ற சொல்லே வராமல் செய்தி கத்தியாகிவிட்டது. ஒவ்வொரு வரியிலும் வினையைப் பிடித்து, 'இந்த எழுவாய் இதை நிஜமாகச் செய்யுமா?' என்று கேளுங்கள்.

அதே கேள்வி பெர்சனிஃபிகேஷனுக்கும், அதாவது மனிதரல்லாததை மனிதர்போல் காட்டுவதற்கும், உதவும். காற்று வீசினால் ஒன்றுமில்லை. பெருமூச்சு விட்டால் அது பெர்சனிஃபிகேஷன். இதைத் தற்குறிப்பேற்றம் என்று எழுதிவைப்பவர்கள் நிறைய. தற்குறிப்பேற்றம் அதைவிடக் குறுகியது: இயல்பாக நடப்பதற்குக் கவிஞர் தாமாக ஒரு காரணம் ஏற்ற வேண்டும். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடி அசைவது, 'வராதே' என்று கை காட்டுவதாகிறது. காற்றின் பெருமூச்சில் அப்படி ஒரு காரணம் இல்லை.

அலிட்டரேஷன், அதாவது அடுத்தடுத்த சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குவது, மோனைக்கு நெருக்கம், ஆனால் கணக்கு வேறு. தமிழில் சகரத்துக்குத் தகரம், மகரத்துக்கு வகரம் என இன எழுத்தும் மோனையாகும். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை இல்லை. ஒரே ஒலி வேண்டும். எழுத்தையும் நம்பக் கூடாது. 'சிட்டி' (city), 'கேட்' (cat) இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் சேராது. 'ஃபோன்' (phone), 'ஃபேன்' (fan) வேறு எழுத்தில் தொடங்கினாலும் சேரும். வாய்விட்டுப் படிப்பதே வழி.

ரைம் என்பதற்கு எதுகை என்று குறித்திருந்தால் அடித்துவிடுங்கள். எதுகை இரண்டாம் எழுத்தில் வருவது. அடியின் இறுதியில் ஒலி ஒன்றும் ரைமுக்கு இயைபுதான் பொருத்தம். எந்த அடி எந்த அடியோடு ஒலிக்கிறது என்று காட்டும் ரைம் ஸ்கீமைக் குறிக்கும்போதும் காதுதான் அளவுகோல்: முதலடி ஏ, புதிய ஒலி வந்தால் பி, பழைய ஒலி திரும்பினால் பழைய எழுத்து. ஷேக்ஸ்பியர் பாணி சானட் என்ற கவிதை வடிவத்தின் 14 அடிகளில் இது ஏபிஏபி, சிடிசிடி, இஎஃப்இஎஃப், ஜிஜி என்று வரும். 'லவ்', 'மூவ்' இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் முடிந்தாலும் இன்றைய உச்சரிப்பில் ஒலி ஒன்றாது. அதற்கு ஐ ரைம் (eye rhyme) என்று பெயர்.

பெயரை மட்டும் எழுதினால் விடை பாதியில் நிற்கும். 'தி நியூஸ் கட் ஹிம்' வரிக்கு இப்படி எழுதலாம்: "'கட்' என்ற வினை மெட்டஃபர். செய்தி கத்தியாக உருவகிக்கப்படுகிறது. கேட்ட துயரம் உடல் வலியாக, ஒரே நொடியில் தாக்குவதாக உணர்த்தப்படுகிறது." உத்தி, அதைக் காட்டும் சொல், ஒப்பிடப்படும் இரண்டு பொருள்கள், விளைவு என நான்கும் மூன்று வாக்கியங்களில் அடங்கிவிடும்.