6 மி.மீ. ப்ளைவுட், கால் அங்குல பிட்: கதவு ஏன் ஆடுகிறது?

கேள்வி: கப்போர்டு கதவுக்கு 6 மி.மீ. ப்ளைவுட் வாங்கி, சட்டத்தில் ரூட்டர் மெஷினின் கால் அங்குல பிட்டால் காடி (பேனல் உட்காரும் பள்ளம்) எடுத்தேன். பேனல் லொடலொடவென்று ஆடுகிறதே, சார்?

ஆடத்தான் செய்யும். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. பலகையும் முழு 6 இருக்கும் என்று நம்ப முடியாது. ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 303-ஏ இந்தத் தடிமனில் 5 சதவீதம் கூடக்குறைய அனுமதிக்கிறது, அப்படியென்றால் 5.7 இருந்தாலும் அது சரியான பலகைதான். முத்திரை இல்லாத மலிவுச் சரக்கு அதற்கும் கீழே போகும். முதலில் வெர்னியரை (தடிமன் அளக்கும் கருவி) எடுத்து நாலு மூலையிலும் அளந்து பாருங்கள்.

அப்புறம் காடியை ஒரே ஓட்டத்தில் எடுக்காதீர்கள். பலகை 5.5 என்று வைத்துக்கொள்வோம். 4 மி.மீ. ஸ்லாட் கட்டரின் (காடி வெட்டும் வட்டமான பிட்) நடுவை சட்டத்தின் நடுவிலிருந்து 0.75 மி.மீ. தள்ளி வையுங்கள். ஒருமுறை ஓட்டி, சட்டத்தைப் புரட்டி மறுபடி ஓட்டினால் 5.5 மி.மீ. காடி நட்டநடுவில் விழும். பலகை 5.7 என்றால் 0.85 தள்ள வேண்டும். எல்லாச் சட்டமும் ஒரே தடிமனில் இழைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காடியின் அகலம் சட்டத்துக்குச் சட்டம் மாறும். கழிவுத் துண்டில் ஓட்டிப் பார்க்காமல் நல்ல மரத்தைத் தொட வேண்டாம்.

கேள்வி: காடி குறைந்தால் குறுக்குச்சட்டத்தின் நாக்கு (காடிக்குள் செருகும் முனை)?

அதையும் குறைக்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். 20 மி.மீ. சட்டத்தில் 5.5 நாக்கு வர இரண்டு பக்கமும் 7.25 சீவ வேண்டும். ஜோடி பிட் (காடிக்கு ஒன்று, நாக்குக்கு ஒன்று) வாங்குபவர்கள், கட்டர்களுக்கு நடுவே ஷிம் (மெல்லிய வளையத் தகடு) மாற்றி அகலத்தைச் சரிசெய்யும் வகையா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பேனலில் இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டப் போகிறேன். எந்த ப்ளைவுட் வாங்குவது?

4 மி.மீ. போதும். முன்னால் 1 மி.மீ., பின்னால் 0.8 மி.மீ. லைனர் (உள்பக்கத்துக்கான மெல்லிய மைக்கா), பசையும் சேர்ந்தால் ஏறக்குறைய 6 வந்துவிடும். ஒட்டிக் காய்ந்த பிறகு அளந்து, அப்புறம் காடி எடுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே காடி எடுத்தாயிற்று. பேனலை ஃபெவிகாலால் ஒட்டிவிடலாமா?

தாராளமாக. தேக்குப் பலகை மழைக்கும் வெயிலுக்கும் விரிந்து சுருங்கும், ஒட்டக் கூடாது. ப்ளைவுட் அவ்வளவாக அசையாது. ஒட்டினால் கதவுக்கும் பலம். ஆனால் அரை மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் பசையை நம்பாமல், பின்பக்கம் மெல்லிய வெனீர் கீற்று செருகி ஒட்டுங்கள்.

கேள்வி: 9 மி.மீ. பலகை மீந்து கிடக்கிறது.

பின்பக்க ஓரத்தைச் சுற்றிலும் படியாகச் சீவி, காடியின் அளவுக்கு ஓரத்தை மட்டும் மெலியுங்கள். முன்பக்கத்தைச் சீவினால் அடுக்குகள் வெளியே தெரியும்.

கேள்வி: என் ரூட்டரில் கால் அங்குல காலெட் (பிட்டின் தண்டைக் கவ்வும் பிடி). 6 மி.மீ. தண்டுள்ள பிட் கொஞ்சம் லூஸாகப் போகிறது. இறுக்கிக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. அந்த 0.35 மி.மீ. வித்தியாசத்தில் பிட் வழுக்கி வெளியே வரும். 6 மி.மீ. காலெட் தனியாகக் கிடைக்கும், வாங்கிப் போட்டுவிட்டு மெஷினைத் தொடுங்கள்.